பழைய பெட்டிக் காமிராவும் யான் செய்த மாற்றங்களும்

நம் கல்லூரியிற் பயில்வோர் பலருடைய இல்லங்களில், பரணின்மேலோ இரும்புப் பெட்டியின் அடியிலோ, இனிப் பயன்படாதெனக் கைவிடப்பட்ட பழைய காமிரா ஒன்று கிடத்தல் கூடும். அத்தகைய கருவியை மீண்டும் தொழிற்படச் செய்வது எங்ஙனம், வீட்டிலுள்ள எளிய பொருள்களைக் கொண்டே அதனை மாற்றியமைப்பது எங்ஙனம், அவ்வாறு மாற்றப் புகுங்கால் செய்யத்தகாதன யாவை என்பவற்றைக் கடந்த இரண்டு கோடை விடுமுறைகளில் யான் கற்ற அளவிற்கு எழுத முற்படுகின்றேன். யான் தமிழ் பயிலும் மாணவன். பௌதிகமோ இரசாயனமோ முறையாகப் பயின்றவனல்லேன். கைப்பட்டறிந்தவற்றையும், நூல்களிற் படித்துச் செய்து பார்த்தவற்றையுமே கூறுவேன். செய்யத்தகாதவற்றுள் ஒன்றைச் செய்து கெடுத்தே கற்றேன். அதனையும் மறையாது சொல்வேன்.

முதற்கண் கருவியின் இயல்பு. காமிரா என்னும் இலத்தீன் சொல்லுக்கு அறை என்பதே பொருள். இருண்ட அறை எனப் பொருள்படும் தொடராக அதனை 1604இல் வழங்கியவர் கெப்ளர் என்னும் வானநூல் வல்லார். அவருக்கு ஏறத்தாழ 600 ஆண்டு முன்னரே, இப்னு அல்-ஹைதம் என்னும் அறிஞர் சிறு துளை வழியாக இருளிற் புகும் ஒளி வெளிப்பொருளின் உருவைத் தலைகீழாகக் காட்டும் இயல்பை ஆராய்ந்து அரபு மொழியில் எழுதிவைத்தார். எங்கள் ஊர்ப்பக்கத்து ஓட்டு வீடுகளில் இதனைக் காண நூல் வேண்டுவதில்லை. ஓட்டின் விரிசல் எவ்வடிவினதாயினும் தரையில் விழும் ஒளி வட்டமாகவே விழும். ஏனெனில் அது விரிசலின் வடிவன்று, ஞாயிற்றின் உருவம். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் சூரியகிரகணம் நிகழ்ந்தபொழுது, எங்கள் அடுக்களைத் தரையிலிருந்த வட்டங்கள் யாவும் ஒரே நேரத்திற் பிறைகளாய் வளைந்தன. அப்பொழுது எனக்கு வயது 13. வீடே ஒரு காமிரா என்பதை யான் உணர்ந்தது அன்றுதான்.

ஆகவே காமிராவென்பது ஓர் இருட்டுப் பெட்டி, அதன் முன் ஒரு துளை, பின் ஒளியைப் பற்றும் மருந்து பூசிய ஒரு பரப்பு, இவ்வளவே. ஏனைய திருகுகளும் கண்ணாடிகளும் எல்லாம் வசதிகள். இதனை நன்கு உணர்ந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பாக்ஸ் டால்பட் என்பார். அவர் 1835ஆம் ஆண்டில் தம் ஊர்த் தச்சனைக் கொண்டு சிறு மரப்பெட்டிகள் செய்வித்து, ஒவ்வொன்றிலும் ஒரு லென்ஸைப் பொருத்தி, உள்ளே வெள்ளியுப்புத் தோய்ந்த தாளை வைத்துத் தம் மாளிகையைச் சுற்றி ஆங்காங்கே வைத்துவிட்டார். அவர் மனைவியார் அப்பெட்டிகளை எலிப்பொறிகள் என்று நகையாடினாராம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அம்மாளிகையின் சாளரம் ஒன்றை எடுத்த சிறு தாள், இன்றுள்ள நெகட்டிவ்களுள் மிகப் பழையது. உலகின் முதற் காமிராக்களுட் சில வீட்டில் ஆக்கியனவே என்பதை, இவ்வேலையை விளையாட்டென்று எள்ளுவோர்க்கு நினைவூட்ட விரும்புகின்றேன்.

இனி என் கருவி. எம் ஊர் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள இராயப்பன்பட்டி. மேற்கே மலைத்தொடர், ஊரைச் சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள். என் பாட்டனார் மலைமேல் ஏலத்தோட்டம் ஒன்றிற் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தோட்டத்தை விட்டு ஊர் திரும்பிய துரை ஒருவரிடம் அவர் வாங்கியது இது: கொடாக் கம்பெனியார் ஆங்கில நாட்டிற் செய்த சிக்ஸ்-20 பிரௌனி என்னும் பெட்டிக் காமிரா. செங்கல் ஒன்றின் அளவினும் சிறிது குறைந்த கறுப்புப் பெட்டி. முன்புறம் ஒற்றை லென்ஸ். பக்கத்தில் ஷட்டரை இயக்கும் நெம்பு. அதன் வேகம் ஒன்றே, ஏறத்தாழ 1/30 முதல் 1/50 விநாடிக்குள் அமைவது. கையெடுக்குமட்டும் திறந்தே நிற்கச் செய்யும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. 6 செண்டிமீட்டர் அகலமும் 9 செண்டிமீட்டர் நீளமுமாக ஒரு சுருளில் 8 படம் விழும். பின்புறம் ஒரு சிவந்த சிறு துளை. பிலிமின் பின்தாளில் அச்சிட்ட எண் அதன்வழியே தெரியும். எண்ணைப் பார்த்தே திருகவேண்டும். திருக மறந்தால் ஒரு படத்தின்மேல் மற்றொன்று விழும்.

பிரௌனி என்னும் வரிசையே சிறுவருக்கெனத் தோன்றியது. 1900ஆம் ஆண்டில் முதற் பிரௌனி ஒரு டாலருக்கு விற்கப்பட்டது. படம்பிடித்தல் செல்வரின் பொழுதுபோக்கு என்னும் நிலையை மாற்றி, ஏலத்தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கையிலும் அதனைக் கொணர்ந்து சேர்த்தது இப்பெட்டியே.

சென்ற ஆண்டுக்கு முந்திய கோடையில், பரணைத் துப்புரவு செய்கையில் இது என் கைக்கு வந்தது. மகிழ்ச்சி மிகுதியால் திண்ணையில் அமர்ந்து, பக்கத்துத் திருகை இழுத்து, உட்கூட்டை வெளியே உருவினேன். உள்ளே உருளையிற் சுற்றிய கறுப்புத் தாள் ஒன்று இருந்தது. பழைய பொதிதாள் என எண்ணி அதனைப் பிடித்து இழுத்தேன். ஒரு சாண் வந்தபின்னரே, தாளோடு ஒட்டிச் சாம்பல் நிறமாய்ச் சுருண்டு வந்த பிலிம் கண்ணிற் பட்டது. நேரம் காலை பத்து மணி. மே மாதத்து வெயில்.

அப்பத்தா அப்பொழுது உள்ளிருந்து வந்தார். என் கையிலிருந்ததைச் சிறிது நேரம் நோக்கி நின்று, "அதற்குள் உன் அத்தை இருக்கிறாளே, ஐயா" என்றார்.

எனக்கு ஓர் அத்தை இருந்ததையே யான் அன்று வரை அறியேன். என் தந்தைக்கு மூத்தவர். 1974ஆம் ஆண்டில், ஒன்பதாம் வயதில், புதுநன்மை வாங்கினார். வெண்ணுடையில் அவரைப் பாட்டனார் படம்பிடித்தார். இரண்டு திங்கள் கழிந்து வந்த காய்ச்சலில் அவர் இறந்தார். சுருளில் இன்னும் படம் மிஞ்சியிருந்தது. பாட்டனார் அதனை முடிக்கவுமில்லை, எடுத்துக் கழுவக் கொடுக்கவுமில்லை. பெட்டியோடு பரணிலேற்றினார். தாம் இறக்குமட்டும் அதனை இறக்கினாரல்லர். அத்தைக்கு வேறு படம் இல்லை.

பழைய காமிராவைக் கையிலெடுப்போர் யாவரும் முதலிற் செய்யவேண்டுவது இதுவே: திறவாதீர். செந்துளையில் எண் தெரிகின்றதா என்று பாருங்கள். தெரியாவிடினும் திருகை மெல்ல ஒரு கால்வட்டம் சுற்றிப் பாருங்கள். உள்ளே பிலிம் இருப்பின் இழுவை கைக்குப் புலப்படும். யான் பார்த்திருப்பின் 6 என்னும் எண் தெரிந்திருக்கும். பின்னர் அதனை இருட்டிற் பிரித்தபொழுது அறிந்தேன். வீட்டில் மூத்தோரை ஒரு சொல் கேட்டிருப்பினும் போதும்.

எனினும் எல்லாம் அழிந்ததில்லை. இதன் காரணம் அறியத்தக்கது. சுருட்பிலிமில் எடுத்த படங்கள் ஒன்றன்மேலொன்றாக வாங்கும் உருளையிற் சுற்றப்படும். முதற்படம் உள்ளே ஆழத்திலும், கடைசிப்படம் வெளியிலும் இருக்கும். ஒவ்வொரு சுற்றையும் கறுப்புத் தாள் மூடிநிற்கும். ஆதலின் யான் இழுத்த ஒரு சாணில் வாயிலில் நின்ற ஆறாம் படமும், அதற்கு முந்திய ஐந்தும் நான்கும் வெயிலிற் பட்டன. ஒன்று, இரண்டு, மூன்று என்பவை சுற்றுக்குள்ளேயே இருந்தன. ஓரங்களில் மட்டும் ஒளி கசிந்திருக்கும். போர்வைக்குள் கைவிட்டுச் சுருளை இறுகச் சுற்றி, ஒளிபுகாத தகரப் பெட்டியில் வைத்து மூடினேன்.

அன்றே அதனைக் கழுவ முற்படாதது யான் செய்த நற்செயல் ஒன்று. ஒளி பட்ட பிலிமில் உருவம் உடனே தோன்றுவதில்லை. வெள்ளியுப்பு மணிகளில் கண்ணுக்குப் புலனாகாத ஒரு தடம் மட்டுமே விழும். கழுவும் மருந்து அத்தடமுள்ள மணிகளைக் கரிய வெள்ளியாக மாற்றும். தடம் பல்லாண்டு அழியாது நிற்பதுண்டு. ஆயின் காலம் செல்லச் செல்ல ஒளி படாத மணிகளும் தாமாகவே கெட்டு, படமெங்கும் மூட்டம்போற் கருமை பரவும். 50 ஆண்டுச் சுருளில் மூட்டம் மிகுதியாகவே இருக்கும். மூட்டத்தை அடக்கப் பொட்டாசியம் புரோமைடைச் சிறிது சேர்ப்பதும், மருந்தைக் குளிர்ச்சியாக வைப்பதும் வழக்கம் என்று படித்தேன். கைபழகாதவன் முதன்முதலில் கழுவும் சுருள் இதுவாக இருத்தலாகாது என்று துணிந்து, புதிய பிலிமைக் கொண்டு பழகத் தொடங்கினேன்.

ஈண்டுத்தான் பெட்டியை மாற்றியமைக்கும் தேவை எழுந்தது. சிக்ஸ்-20 என்னும் பெயர் 620 என்னும் பிலிமைக் குறிக்கும். கொடாக் கம்பெனியார் 1930களின் தொடக்கத்திற் கொணர்ந்த அவ்வகைப் பிலிமை 1995இல் நிறுத்திவிட்டனர். ஆயின் அதற்கு மூத்ததாகிய 120 என்னும் பிலிம், 1901இல் வேறொரு பிரௌனிக்காகத் தோன்றியது, இன்றும் ஆக்கப்படுகின்றது. தம்பி இறந்து தமையன் வாழ்கின்றான். வியப்பு யாதெனில் இரண்டிலும் பிலிம் ஒன்றே, அகலம் ஒன்றே, பின்தாளும் எண்களும் ஒன்றே. வேற்றுமை உருளையில் மட்டும். 620 உருளையின் தண்டு மெல்லியது. இருபக்கத்து வட்டத் தகடுகளும் சற்றுச் சிறியன. ஆதலின் 120 உருளை இப்பெட்டியிற் புகாது.

இதற்குச் சிலர் பெட்டியின் உட்பக்கத்தை அரத்தால் அராவி இடமகற்றுகின்றனர். யான் அதற்கு உடன்படேன். அராவிய தகரம் திரும்ப வளராது. பெட்டியை விட்டுவிட்டுப் பிலிமை மாற்றுவதே முறை. அதன் வழி: பழைய 620 உருளை ஒன்று பெட்டிக்குள் எப்பொழுதும் இருக்கும், மற்றொன்று தேடிக்கொள்ளவேண்டும். இரவில், கதவிடுக்குகளைத் துணியால் அடைத்த அறையில், 120 சுருளை முதலில் வேறோர் உருளைக்கு மாற்றிச் சுற்றுக. இப்பொழுது தலை உள்ளேயும் வால் வெளியேயும் ஆகும். அதனை மீண்டும் 620 உருளையிற் சுற்றினால் தலை வெளிவரும். பிலிம் ஒரு முனையில் மட்டுமே பின்தாளோடு ஒட்டியிருப்பதால், இரண்டாம் முறை சுற்றி முடிக்கும்பொழுது அவ்வொட்டிடத்திற் சிறிது புடைக்கும். ஒட்டை மெல்ல நீக்கி, தட்டி நேராக்கி, மீண்டும் ஒட்டுக. முதல் நான்கு முறை வீணான பிலிமொன்றைக் கொண்டு பகலிற் பழகிய பின்னரே இருளிற் செய்தேன். வியர்வைக் கை பிலிமிற் பட்டால் விரற்குறி நிலைத்துவிடும். மே மாதத்தில் எங்கள் ஊரில் மூடிய அறைக்குள் வியர்க்காத கை ஏது? விடியற்காலை நான்கு மணியே தகுந்த பொழுது.

அடுத்தது செந்துளை. அது சிவப்பாயிருத்தற்குக் காரணம், பழங்காலத்துப் பிலிம் சிவப்பொளியை உணராதது என்பது. இக்காலத்துப் பிலிம் எல்லா நிறத்தையும் உணரும். எங்கள் பக்கத்து வெயிலோ தாளையும் ஊடுருவ வல்லது. என் முதற் சுருளில் ஒவ்வொரு படத்தின் நடுவிலும் நிலாப்போல் ஒரு கறை விழுந்தது. இரட்டையாக மடித்த கறுப்புத் துணியைக் கதவுபோல் ஒட்டி, திருகும்பொழுது மட்டும் நிழலில் நின்று தூக்கிப் பார்க்கும்படி செய்தேன். கறை நீங்கியது. இம்மாற்றத்திற்கு வேண்டிய பொருள் ஒரு குடைத்துணித் துண்டு. பசை தடவியது தோலில் மட்டுமாதலின், ஈரத்துணியால் துடைத்தால் பெட்டி பழையபடி ஆகிவிடும்.

லென்ஸை நீக்கிவிட்டு ஊசித்துளை வைக்கும் மாற்றம் எல்லாவற்றிலும் எனக்கு இன்பம் தந்தது. குளிர்பானத் தகரத்தில் ஒரு சதுரம் வெட்டி, நுண்ணூசியால் மெல்ல அழுத்தி, பின்புறப் புடைப்பை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, மீண்டும் அழுத்துக. துளையின் அளவை மனம்போனபடி வைத்தலாகாது. பெரிதாயின் படம் மங்கும். மிகச் சிறிதாயினும் ஒளி ஓரங்களிற் சிதறி மங்கும். இரண்டிற்கும் நடுவே தக்க அளவு ஒன்று உண்டு. இங்கிலாந்துப் பௌதிகநூலார் ராலே பிரபு 1891இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். அம்முறைப்படி, துளைக்கும் பிலிமிற்கும் இடையேயுள்ள தொலைவை ஒளியலையின் நீளத்தாற் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை 1.9 ஆற் பெருக்குக. என் பெட்டியில் தொலைவு 100 மில்லிமீட்டர், அலைநீளம் 0.00055 மில்லிமீட்டர் எனக் கொள்க. விடை ஏறத்தாழ 0.45 மில்லிமீட்டர். தொலைவைத் துளையால் வகுத்தால் வருவது துளை எண், இங்கு 222. உச்சிவெயிலில், வேக எண் 100 உள்ள பிலிமிற்குத் துளை எண் 16 ஆயின் 1/100 விநாடி போதும் என்பது படம்பிடிப்போர் வழக்கு. 222ஐ 16 ஆல் வகுக்க ஏறத்தாழ 14; அதன் வர்க்கம் ஏறத்தாழ 193; ஆகவே அத்தனை மடங்கு நேரம், அஃதாவது ஏறக்குறைய 2 விநாடி வேண்டும். நெடுநேரத்து மெல்லொளியில் பிலிம் சிறிது சோம்பும் இயல்பினதாதலின் யான் 3 விநாடி கொடுத்தேன். கணக்குச் சரியாக வந்தது. தமிழ் மாணவனுக்கும் கணக்குச் சரியாக வரும் நாள் உண்டு.

3 விநாடி என்பது சிறிதென்று எண்ணற்க. ஆடி மாதத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் வீசும் மேல்காற்று மனிதனையே தள்ளும், பெட்டி எம்மாத்திரம்? முக்காலிக்குக் கீழே கல் நிறைத்த பையைத் தொங்கவிட்டும் திராட்சைப் பந்தல் அசைந்து புகையாயிற்று. பந்தலைத் தாங்கிய கல்தூண்கள் மட்டும் கூர்மையாக நின்றன. சுருளி அருவியை எடுத்தபொழுது நீர் முழுதும் வெண்புகையாய் விழுந்தது. இதனைப் புகைப்படம் என்று நம்மவர் பெயரிட்டதன் காரணம் யான் தேடியும் தெளியவில்லை. நிழற்படம் என்பதே எனக்கு உவப்பு. ஆயினும் அருவிப்படம் ஒன்றிற்கு மட்டும் அப்பெயரை விட்டுக்கொடுக்கச் சம்மதம்.

லென்ஸைத் திருப்பி வைத்தல் மற்றொரு மாற்றம். இப்பெட்டிகளில் உள்ளது ஒருபுறம் குழிந்து மறுபுறம் குவிந்த ஒற்றைக் கண்ணாடி. வொல்லஸ்டன் என்பார் 1812இல் இருட்டறைக் கருவிக்கெனக் கண்ட வடிவம். குழிந்த பக்கம் துளையை நோக்கி இருப்பின் படம் ஓரம்வரை ஒருவாறு தெளியும். வளையத்தைக் கழற்றிக் கண்ணாடியைப் புரட்டி வைத்தாலோ, நடு மட்டும் தெளிந்து ஓரங்கள் சுழன்று கரையும். சிலர் இதனை அழகென்பர். இரண்டு படத்தோடு எனக்கு அலுத்துவிட்டது. நேராகவே திருப்பி வைத்துவிட்டேன். 35 மில்லிமீட்டர் பிலிமை இப்பெட்டியிற் செலுத்தி, ஓரத்துப் பல்துளைகளின்மேலும் படம் விழச் செய்வதும் உண்டு. அதற்குப் பின்தாள் இன்மையால் செந்துளையை முழுதும் அடைத்துவிட்டுத் திருகின் சுற்றுக்களை எண்ணவேண்டும் என்பதொன்றே அறியத்தக்கது.

கழுவும் மருந்தைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் நம் நாட்டில் படம்பிடிப்போர்க்கு என்றும் பகை வெயிலன்று, வெப்பம். கழுவும் மருந்திற்கு நூல்கள் கூறும் வெப்பம் 20 பாகை. கோடையில் எங்கள் குழாய்நீர் 31 பாகை காட்டிற்று. அவ்வெப்பத்தில் மருந்து விரைந்து வேலைசெய்யும். பிலிமின் பூச்சும் மெலிந்து நழுவும். இவ்விடர்ப்பாடு புதிதன்று. மதுரை மாவட்டத்தோடு எங்கள் பள்ளத்தாக்கு சேர்ந்திருந்த அந்நாளில், சென்னை அரசாங்கத்தார் 1856இல் நியமித்த படம்பிடிப்பாளர் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர், 1858இல் மதுரைக் கோயிலையும் நாயக்கர் மகாலையும் பெரிய காமிராவில் எடுத்தார். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளை ஈரம் உலருமுன்னரே பூசி, எடுத்து, கழுவி முடிக்கவேண்டும். மாட்டு வண்டியிற் செல்வோனுக்கு அது பெருந்தொல்லை. டிரைப் மெழுகூட்டிய தாளையே பெரிதும் கையாண்டார். அதனை முன்கூட்டியே ஆயத்தம் செய்து, உலர்ந்த நிலையிற் கொண்டுசெல்லலாம். தாளில் வானம் நன்கு வாராமையின், நெகட்டிவ்மேல் தூரிகையால் முகில்களைத் தீட்டினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே சுருளாக்கினார். கல்வெட்டுத் தமிழைக் காமிராவாற் படியெடுத்த அம்முயற்சியைத் தமிழ் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். 1859இல் ஆளுநராய் வந்த திரெவெலியன் செலவு மிகுதியென்று அவ்வேலையை நிறுத்திவிட்டார். நம் நாட்டில் பிலிம் ஆக்கும் தொழிலுக்கே பின்னர் உதகையின் குளிர் தேவைப்பட்டது: இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1960இல் அங்கு அமைக்கப்பட்டு, 1967 முதல் 'இந்து' என்னும் பெயரிற் பிலிம் செய்தது. இப்பொழுது அதுவும் மூடப்பட்டது.

யான் செய்தது எளிது. குளிர்பானக் கடையில் பனிக்கட்டி வாங்கி, பெரிய தாம்பாளத்தில் இட்டு, அதன் நடுவே மருந்துக் கிண்ணத்தை வைத்து, வெப்பமானி 20 காட்டியபின் விளக்கை அணைத்தேன். பிலிமின் இருமுனைகளையும் பிடித்து, தாம்புக் கயிறு ஏறியிறங்குவதுபோல் மருந்தில் மேலும் கீழுமாக இழுத்தேன். பழைய காலத்துக் கைமுறை இது. அதன்பின் நீர், பின்னர் ஹைப்போ. ஒளி படாத வெள்ளியுப்பைக் கரைக்கும் ஹைப்போவின் குணத்தை 1819இற் கண்டவர் ஹெர்ஷல் என்னும் அறிஞர்.

மருந்தையும் வீட்டிலேயே செய்யலாம். காப்பியிலுள்ள சில பொருள்கள் பிலிமைக் கழுவவல்லன என்பதை 1995இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியர் ஒருவரும் மாணவரும் வகுப்பிற் செய்து காட்டினர். ஒரு லிட்டர் நீருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், சிக்கரி கலவாத உடனடிக் காப்பித்தூள் 40 கிராம். 20 பாகையில் 15 நிமிடம். நாற்றம் பொறுக்கவொண்ணாது. அப்பத்தா காப்பியை இவ்வாறு பாழாக்குவதைக் கண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆயின் நெகட்டிவ் தெளிவாக வந்தது. மலைமேல் காப்பி விளையும் நாட்டில், கழுவும் மருந்திற்கு அஞ்சல் வழி காத்திருக்க வேண்டியதில்லை.

ஆறு சுருள் பழகியபின், கடந்த கோடையில், பாட்டனாரின் சுருளை எடுத்தேன். அதற்குக் காப்பியை நம்பத் துணியவில்லை. விலைக்கு வாங்கிய மருந்தில் புரோமைடு சேர்த்தேன். அறைக்கு வெளியே அப்பத்தா நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். விளக்கை ஏற்றிப் பார்த்தபொழுது நான்கும் ஐந்தும் ஆறும் கரியென நின்றன. அவை அத்தையின் படங்கள். அவற்றைக் கெடுத்தது காலமன்று, யான். முதற்படத்தில் ஏலக்காய் உலர்த்தும் கூடமும் அதன்முன் நின்ற பெண்டிரும் மூட்டத்தினூடே தெரிந்தனர். இரண்டாவது, எங்கும் மங்கல். மூன்றாவதில் ஆலயத்தின் படிக்கட்டு. இடப்பக்கம் ஒளி கசிந்து வெளுத்தது. வலப்பக்கத்தில் வெண்ணுடைச் சிறுமியர் ஐவர், தொலைவிலாதலின் முகம் ஒவ்வொன்றும் கடுகளவு.

பெரிதாக்கிய தாளை அப்பத்தாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து அணிந்து, சன்னலோரம் சென்று பார்த்து, இரண்டாம் படியில் ஒருகால் தூக்கி நின்ற சிறுமியின்மேல் விரலை வைத்தார். "இவளுக்குச் செருப்புக் கடித்தது. கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தாள்" என்றார். முகத்தை நோக்கி அவர் ஒன்றும் கூறவில்லை; அதில் நோக்குதற்கு ஒன்றும் இல்லை. மற்ற மூன்றும் எங்கே என்று கேட்டார். கரிய நெகட்டிவ் மூன்றையும் காட்டினேன். அவற்றையும் வாங்கித் தம் வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அதன்பின் அதே படிக்கட்டிற்குப் பெட்டியோடு சென்றேன். மூன்றாம் படத்தைக் கையில் வைத்து, தூணும் படியும் அதிலுள்ளபடி பொருந்துமட்டும் முன்னும் பின்னும் நகர்ந்து, பாட்டனார் நின்ற இடத்தைக் கண்டேன். ஆலயத்திற்கு எதிரேயுள்ள திண்ணையின் மூலை அது. ஊசித்துளையைக் கழற்றி, பழைய லென்ஸையே பொருத்தியிருந்தேன். அப்பத்தா இரண்டாம் படியில் அமர்ந்தார். ஒரு சுருளில் எட்டுப் படம்; அவரை எடுத்தவை ஆறு. மிஞ்சியதை எதற்கென்று இன்னும் துணியவில்லை. பெட்டி இப்பொழுது விடுதியில் என் மேசைமேல் இருக்கின்றது. துணிக்கதவைத் தூக்கிப் பார்த்தால் செந்துளையில் 7 தெரிகின்றது.